கிளட்ச் தெரியாதவர் டிரைவரா?

கேள்வி, 6 ஜனவரி 2025

முதல் கார் வாங்கப் போகிறேன். வீட்டில் ஆட்டோமேட்டிக் என்கிறார்கள். நண்பனோ, "கியர் போடத் தெரியாதவன் வாங்குகிற பொம்மை வண்டி அது, கிளட்ச் தெரியாதவன் எல்லாம் டிரைவரா?" என்கிறான். தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலம். வருடம் ஒரு முறை ஏற்காடு. எதை எடுப்பது?

6 ஜனவரி, இரவு

ஆட்டோமேட்டிக்.

7 ஜனவரி

ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சரி, காரணம் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து கிண்டி போகிற ஜி.எஸ்.டி. சாலைதான் காரணம்.

பதினாறு வருடம் மேனுவல் மட்டுமே ஓட்டியவன் நான். 2006ல் செகண்ட் ஹேண்டில் எடுத்த மாருதி 800, நாலே கியர். அதற்குப் பிறகு ஒரு டீசல் ஸ்விஃப்ட். 2022லிருந்து ஏ.எம்.டி. என்கிற ஒரு வகை ஆட்டோமேட்டிக் போட்ட ஒரு சின்ன வண்டி. டீசல் வண்டி இருந்த காலத்தில், ஒரு நாள் காலை குரோம்பேட்டையிலிருந்து கத்திப்பாரா வரை கிளட்சை எத்தனை தடவை மிதிக்கிறேன் என்று எண்ணினேன். 212. மறுநாள் எண்ணவில்லை. எண்ணாதபோது வலி கொஞ்சம் குறைவாக இருந்தது.

இடது முழங்கால் போனது வயதினால் என்கிறார் டாக்டர். எனக்குப் பல்லாவரம் சிக்னல் மேல்தான் சந்தேகம்.

8 ஜனவரி

ஆட்டோமேட்டிக் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னது என் தப்பு. ஷோரூமில் போய் அப்படிக் கேட்டால் நான்கு விதமான சாமானை ஒரே பெயரில் காட்டுவார்கள்.

நம் பட்ஜெட்டில் பெரும்பாலும் கிடைப்பது ஏ.எம்.டி. அடியில் இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ். அதே கிளட்ச் பிளேட். உங்கள் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை ஒரு கம்ப்யூட்டரும், அது சொல்கிறபடி கிளட்சையும் கியரையும் நகர்த்துகிற சில ஆக்சுவேட்டர்களும் எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். 2014ல் மாருதி செலேரியோவில் இது வந்த பிறகுதான் சின்ன வண்டிக்காரர்களே இந்தப் பக்கம் திரும்பினார்கள். மேனுவலைவிட ஐம்பதாயிரம் சொச்சம் கூடுதலாகக் கொடுத்தால் போதும். குறை என்னவென்றால், முதலிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் மாறும்போது வண்டி ஒரு நொடி யோசிக்கும். உள்ளே இருக்கிற எல்லோரும், மாமனார் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடும் புது மாப்பிள்ளை மாதிரி, ஒரு தடவை தலையாட்டுவார்கள். கியர் மாறப்போகிறது என்று தெரியும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாகத் தூக்கினால் தலையாட்டல் போய்விடும். பழக ஒரு வாரம்.

டார்க் கன்வெர்ட்டர் என்பது பழைய, நிஜமான ஆட்டோமேட்டிக். இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிராக வைத்து ஒன்றை மட்டும் போட்டால் காற்று பட்டு அடுத்ததும் சுற்றும் இல்லையா, அதேதான். காற்றுக்குப் பதில் ஆயில். இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் தேய்கிற பிளேட்டை நம்பி வண்டி கிளம்புவதில்லை, அதனால் டிராஃபிக்கில் வெண்ணெய் மாதிரி நகரும். சி.வி.டி.யில் ஒன்று, இரண்டு என்று படிப்படியான கியர் கிடையாது, இரண்டு புல்லியும் ஒரு இரும்பு பெல்ட்டும்தான். அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச். ஒன்று 1, 3, 5க்கு, இன்னொன்று 2, 4, 6க்கு. ஹைவேயில் பறக்கும். ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் போட்ட டி.சி.டி.யை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினால் சூடாகும். தாம்பரம்–கிண்டிக்கு நான் எடுக்க மாட்டேன்.

11 ஜனவரி

"பொம்மை வண்டி" என்று சொன்ன நண்பருக்கு: 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில் அதே கியர்பாக்ஸ் அமெரிக்க ராணுவத்தின் எம்5 ஸ்டூவர்ட் டாங்கிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, இரண்டு காடிலாக் இன்ஜினோடு. அந்தப் பொம்மை ஓடியது இரண்டாம் உலகப் போரில்.

நம் கோயம்புத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டான் அணியின் வண்டி ஓட்டினாரே, அவர் காலடியிலும் கிளட்ச் கிடையாது. அவரையும் டிரைவர் இல்லை என்று சொல்லிவிடலாமா?

12 ஜனவரி

நாராயண் உதாரணம் தப்பாட்டம், ஒப்புக்கொள்கிறேன். ஃபார்முலா ஒன் வண்டியில் கால் கிளட்ச் இல்லையே தவிர, கியரைத் தேர்ந்தெடுப்பது டிரைவர்தான், ஸ்டியரிங் பின்னால் இருக்கிற பேடில் என்ற சின்ன லீவரால். கிளம்புவதற்குக் கையால் இழுக்கிற கிளட்ச் உண்டு. அது ஆட்டோமேட்டிக் இல்லை. டாங்கி உதாரணம் மட்டும் நிற்கட்டும்.

17 ஜனவரி

பொங்கல் முடிந்து திரும்பியாயிற்று. பெருங்களத்தூரைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம். என் வண்டியில் நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வண்டிக்காரர் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் 2022ல் என் முதல் வாரம் ஞாபகம் வந்தது.

அன்று சேலத்திலிருந்து புது வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் அக்கா கொடுத்த செக்கு நல்லெண்ணெய், ஐந்து லிட்டர் கேன். பரனூர் சுங்கச்சாவடி நெருங்குகிறது. பதினாறு வருடப் பழக்கம், வேகம் குறைகிறது என்றால் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடும். அங்கே கிளட்ச் இல்லை. இருந்தது அகலமான பிரேக் பெடல். கிளட்சை அடிவரை மிதிக்கிற அதே பலத்தோடு இடது கால் பிரேக்கில் இறங்கியது. வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றது. பின்னால் வந்தவர் என் குடும்பத்தையே ஹாரனால் விசாரித்தார். கேன் முன்னால் வந்து மூடி தெறித்து, மிதியடியெல்லாம் எண்ணெய். இரண்டு மாதம் என் வண்டிக்குள் தினமும் தீபாவளிக் காலைதான்.

புதிதாக மாறுகிறவர்கள் முதல் வாரம் இடது காலைச் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி வைத்தாலும் சரி. அந்தக் காலை நம்பாதீர்கள்.

20 ஜனவரி

கேள்வி கேட்டவர் ஏற்காடு என்று சொல்லியிருந்தார், நான் அதைத் தொடவே இல்லை. சேலம் பக்கத்து ஏற்றத்தில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஆட்டோமேட்டிக்கில் பெரிய பிரச்சினை இல்லை. இறங்கும்போதுதான் மேனுவல் வேண்டும், ஏனென்றால் கீழ் கியரில் இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கிற இன்ஜின் பிரேக் ஆட்டோமேட்டிக்கில் கிடையாது. வெறும் பிரேக்கை மிதித்தே இறங்கவேண்டும்.

20 ஜனவரி, ஒரு மணி நேரம் கழித்து

மேலே எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், என் முட்டாள்தனத்துக்குச் சாட்சியாக. ஆட்டோமேட்டிக்கில் இன்ஜின் பிரேக் உண்டு. நான்தான் முதல் வருடம் முழுக்க வண்டியை 'டி'யில் (டிரைவ்) போட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். 'டி'யில் விட்டால், இறக்கத்தில் வேகம் ஏற ஏற அது மேல் கியருக்குத் தாவும், இன்ஜின் பிடிப்பு குறையும், பாரமெல்லாம் பிரேக் மேல் விழும். ஏழாவது வளைவில் பிரேக் காய்ந்த வாசம் வந்து, மிதி கொஞ்சம் உள்ளே போய், பயந்து ஓரம் கட்டி அரை மணி நேரம் குரங்குகளோடு உட்கார்ந்திருந்தேன். கியர் லீவரில் 'டி'க்குப் பக்கத்தில் 'எம்' என்று ஒன்று இருக்கிறது. அதில் தள்ளி இரண்டாவது கியரைப் போட்டால் வண்டி மேனுவல் மாதிரியே இரண்டில் பிடித்துக்கொண்டு இறங்கும். சில வண்டிகளில் 'எல்' அல்லது '2' என்று இருக்கும். பாதையோரம் "இரண்டாவது கியரில் செல்லவும்" என்று பலகை வைத்திருப்பது எல்லா வண்டிக்கும்தான். நான் அதை மேனுவல்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழி விடவேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

21 ஜனவரி

"இதுதான் நாங்கள் சொல்வது, மேனுவல் ஓட்டினவனுக்கு இறக்கத்தில் என்ன செய்யவேண்டும் என்று ரத்தத்திலேயே இருக்கும்" என்று வந்துவிட்டது பதில். அப்படியானால் தொப்பூர் கணவாய்க்கு வாருங்கள்.

தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற வழி. பெங்களூரிலிருந்து வருகிற அத்தனை லாரியும் அங்கேதான் இறங்கும். இரட்டைப் பாலம் பக்கம் விபத்து என்று செய்தி வராத வருடம் கிடையாது. காரணம் என்று போலீஸ் சொல்வதில் ஒன்று, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில், அதாவது எந்தக் கியரும் போடாமல், இறங்குவது. நியூட்ரலில் இறக்குகிறவர் எல்லோரும் இருபது முப்பது வருடம் கியர் போட்டவர்கள்தான். கிளட்ச் தெரியாதவர் ஒருவரும் அதில் இல்லை.

எங்கள் பெரியப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். கியர்களின் வேகத்தைத் தானாகச் சமன்செய்கிற சிங்க்ரோமெஷ் இல்லாத கியர்பாக்ஸ் காலம். கியரைக் குறைக்கக் கிளட்சை இரண்டு தடவை மிதிக்கவேண்டும்: ஒரு மிதி, நியூட்ரல், காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, மறுபடி மிதி, அப்புறம்தான் கியர். தட்டு கூடினாலும் குறைந்தாலும் கியர்பாக்ஸ் கறகறவென்று மானத்தை வாங்கும். இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே செய்வார். சின்ன வயதில் அவர் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், கால் இரண்டும் மிருதங்கம் வாசிக்கிற மாதிரி இருக்கும். அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார்: "எந்தக் கியர்ல ஏறுவியோ அந்தக் கியர்ல எறங்கு." தொப்பூரில் நியூட்ரல் போட்ட கிளீனரை நடுவழியிலேயே இறக்கிவிட்டிருக்கிறார்.

சரி, அவர் டிரைவர்தான். நான் இல்லை, கேட்டவருடைய நண்பரும் இல்லை.

22 ஜனவரி

நியூட்ரலில் டீசல் மிச்சமாகும் என்று ஒருவர் இன்னும் அடம்பிடிக்கிறார். இப்போதைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் போவதே நின்றுவிடும், இன்ஜினைச் சக்கரம் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டால் இன்ஜின் தானே உயிரோடு இருக்கவேண்டும், அதற்கு எரிபொருள் வேண்டும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

3 பிப்ரவரி

மைலேஜ் கேட்டவர்களுக்கு. செலேரியோ வந்தபோது கம்பெனி சொன்ன கணக்கு மேனுவலுக்கும் ஏ.எம்.டி.க்கும் ஒன்றேதான், லிட்டருக்கு 23.1 கி.மீ. ரோட்டில் அது யாருக்கும் வராது, அது வேறு கதை. என் ஏ.எம்.டி. ஊருக்குள் 14, ஹைவேயில் 19 கொடுக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் ஊருக்குள் இதைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும். மாதம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

9 பிப்ரவரி

இதுவரை ஆட்டோமேட்டிக்குக்கு வக்காலத்து வாங்கியதில், அது என்னைக் கைவிட்ட கதையை மறைத்துவிட்டேன்.

ஏ.எம்.டி.யில் என் வண்டி வகைக்கு 'பி' (பார்க்கிங்) கிடையாது. 'ஆர்' (ரிவர்ஸ்), 'என்' (நியூட்ரல்), 'டி', 'எம்' மட்டும். நிறுத்தும்போது கியரிலேயே விட்டு ஹேண்ட் பிரேக் போட்டு ஆஃப் செய்யவேண்டும். போன மழைக்காலத்தில் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் அப்படி 'ஆர்'-இல் விட்டிருந்தேன். நான்கு நாள் வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பேட்டரி செத்துக் கிடந்தது. கியரை மாற்றுவதே மின்சாரத்தால்தான் என்பதால் லீவரை 'என்'னுக்குத் தள்ளினாலும் உள்ளே எதுவும் அசையவில்லை. மோட்டார் ரூம் வாசலை மறித்து நிற்கிறது வண்டி. வாட்ச்மேனும் பேப்பர் போடுகிற பையனும் நானும் தள்ளிப் பார்த்தோம், இம்மி நகரவில்லை. தொட்டியில் தண்ணீர் ஏற்ற வந்தவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பழைய 800ஆக இருந்தால்? சாவியைத் திருப்பி, இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை மிதித்து, இரண்டு பேர் தள்ள, வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் உறுமிக்கொண்டு எழுந்துவிடும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. ஜம்பர் கேபிள் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள்.

10 பிப்ரவரி

கிளட்ச் பிளேட் பற்றியும் ஒரு வார்த்தை. ஏற்றத்தில் சிக்னல் விழுந்தால் பிரேக் போடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைக்கிற பழக்கம் சிலருக்கு. மேனுவலில் கிளட்சைப் பாதி மிதித்து இதைச் செய்தால் பெயர் ஹாஃப் கிளட்ச். ஏ.எம்.டி.யிலும் உள்ளே நடப்பது அதேதான்; தேய்கிற பிளேட் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. என் ஸ்விஃப்ட்டுக்கு 62,000 கி.மீ.யில் பிளேட் மாற்றினேன். மெக்கானிக் பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார். தோசைக்கல்லில் கருகின மாதிரி ஒரு பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. "சார் மேம்பாலத்துல ஹேண்ட் பிரேக் போட மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

16 பிப்ரவரி

யாருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: முதலில் மேனுவல் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். நம் ஊர் லைசென்ஸில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு 3ஏ என்று தனி வகுப்பு. என் தங்கை பையன் அங்கே அதைத்தான் வைத்திருக்கிறான். இங்கே அந்தப் பிரிவு இல்லாததால் எப்போது எந்த வண்டியை எடுக்கவேண்டி வருமோ தெரியாது. ஆகவே அடிப்படை முதலில்.

17 பிப்ரவரி

மேலே உள்ளதை வீட்டில் படித்துவிட்டார்கள்.

என் மனைவி 2009ல் லைசென்ஸ் எடுத்தார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். மாணவர் தப்பு செய்தால் அவரே மிதித்துச் சரிசெய்துவிடுவார். வண்டி நிற்கவே இல்லை, நாம் ஓட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வோம். என் 800ஐ மனைவி முதல் தடவை எடுத்தபோது சேலையூர் ஏற்றத்தில் மூன்று முறை ஆஃப் ஆகி, நான்காவது முறை பின்னால் உருண்டு, ஒரு ஆட்டோவுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினேன். அதோடு சரி. பதிமூன்று வருடம் அந்த லைசென்ஸ் முகவரிச் சான்றாகத்தான் பயன்பட்டது.

ஏ.எம்.டி. வந்த மூன்றாம் வாரம், சொல்லாமல் கொள்ளாமல் சாவியை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் போய் அவர் அம்மாவை அழைத்து வந்துவிட்டார். இப்போது வண்டி பெரும்பாலும் அவரிடம்தான். நேற்று என் அறிவுரையைப் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "அம்மில அரைச்சுப் பழகிட்டுத்தான் மிக்ஸி வாங்கணும்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே?"

16ஆம் தேதிக் குறிப்பு வாபஸ். அன்று ஏற்றத்தில் தப்பு கிளட்ச்சில் எவ்வளவு, நான் கத்தியதில் எவ்வளவு என்று இப்போது யோசித்தால், கத்தல் பங்கு பெரிதாகத் தெரிகிறது.

18 பிப்ரவரி

அம்மி அரைத்த சட்னி ருசி வேறு என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார். உண்மை. யார் அரைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் அந்த ருசியை நான் மறுக்கவில்லை. திண்டிவனம் தாண்டி ரோடு காலியாக இருக்கும்போது, நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கி, இன்ஜின் குரல் ஏறி, ஒரு பஸ்ஸைத் தாண்டி மறுபடி நான்கு, ஐந்து என்று போடுகிற சுகம் ஏ.எம்.டி.யில் வராது. ஓவர்டேக்குக்கு நான் மிதிப்பேன், அது யோசிக்கும். எதிரே வண்டி வரும்போது அந்த யோசனை ரொம்ப நீளமாகத் தோன்றும். இதற்கும் 'எம்' உதவும், கையால் முன்கூட்டியே குறைத்துவிட்டுத் தாண்டலாம். ஆனாலும் அது வேறு.

6 ஜூலை

போன வாரம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகரப் பேருந்துக் கழகம் மின்சார பஸ் விட ஆரம்பித்திருக்கிறது. கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. சென்னை பஸ் டிரைவர் ஒரு ஷிஃப்டில் கிளட்சை எத்தனை ஆயிரம் தடவை மிதிப்பார் என்று என் 212ஐ வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர்களிடம் யாராவது கேட்கட்டும், எது நிஜ டிரைவிங் என்று.

இன்னொரு பக்கம், ஹூண்டாய் ஐயானிக் 5 என் என்ற மின்சார வண்டியில், இல்லாத எட்டு கியரை இருக்கிற மாதிரி காட்டுகிறார்கள். பேடிலைத் தட்டினால் கியர் மாறின மாதிரி ஒரு உதறல், ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம். ஏ.எம்.டி. தலையாட்டினால் குறை என்கிறோம், இங்கே காசு கொடுத்துத் தலையாட்ட வைக்கிறார்கள்.

2 நவம்பர்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். தீபாவளிக்கு முன்னால் வண்டி எடுத்துவிட்டாராம். மேனுவல்! பத்து மாதம் நான் எழுதியதன் பலன். ஆட்டோமேட்டிக்குக்கு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்களாம், பண்டிகைக்குள் வண்டி வேண்டும் என்று கையில் இருந்ததை எடுத்துவிட்டார்.

சரி. வரும் வாரம் ஏற்காடு போகிறாராம். மேலே போகும்போது கிளட்ச் வாசம் வந்தால் பதறவேண்டாம், ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக் போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு ஏறுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர். ஏழாவது வளைவில் குரங்குகள் இருக்கும், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.